எரிதலின் மிச்சம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகை வெளியேறும் வழி, சிலிண்டரின் சுவரிலேயே வெட்டப்பட்ட ஒரு துளை. அதைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன்தான். அந்தத் துளையின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே எஞ்சினின் குணத்தைத் தீர்மானிக்கிறது. விளிம்பு உயர்ந்திருந்தால் புகை சீக்கிரம் வெளியேறத் தொடங்கும். வேகமாகச் சுழலும்போது வலிமை பெருகும். ஆனால் மெதுவாக ஓடுகையில், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே வெளியேறிவிடுவதால் இழுவை குன்றும். விளிம்பு தாழ்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு. பல ஆண்டுகள் பொறியாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த விளிம்பையே நகரும்படி செய்த உறுப்புதான் பவர் வால்வு. சுழற்சி குறைவாக இருக்கும்போது அது இறங்கித் துளையைச் சுருக்கும். சுழற்சி ஏறும்போது மேலேறி வழிவிடும்.

யமஹா 1970களின் பிற்பகுதியில் தன் பந்தய வண்டிகளில் இதைப் பொருத்தியது. 1983இல் வெளிவந்த ஆர்டி350 ஒய்பிவிஎஸ் (யமஹா பவர் வால்வு சிஸ்டம்) இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அதில் வால்வு ஓர் உருளை. சிறு மின்மோட்டார் ஒன்று கம்பிகள் வழியாக அதைத் திருப்பும். ஹோண்டா, கவாசாகி, சுசுகி ஆகியவை தத்தம் வழியில் இதையே செய்தன. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் தன் ரேவ் அமைப்பில் தகடு ஒன்றைப் புகையின் அழுத்தத்தாலேயே மேலே தூக்கவைத்தது. ஸ்கீடூ பனிவண்டிகளின் எஞ்சின்களில் அது பரவலாகப் புழங்கியது. இந்தியாவில் அதே 1983இல் எஸ்கார்ட்ஸ் விற்கத் தொடங்கிய ராஜ்தூத் 350 முந்தைய தலைமுறையின் வடிவம்; அதில் பவர் வால்வு இல்லை. பின்னால் வந்த ஆர்எக்ஸ்100இலும் இல்லை. ஆனால் அந்த வண்டிகளின் சைலன்சரைக் கழற்றிக் கார்பன் எடுத்த மெக்கானிக் எவருக்கும் பவர் வால்வின் அடிப்படைச் சிக்கல் புதிதல்ல. அது இருப்பது எஞ்சினிலேயே மிக மோசமான இடத்தில். நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் எஞ்சினில் நொடிக்கு 150 முறை எரிந்த வாயு அதன் முகத்தில் அறைகிறது. அந்த வாயுவில் பெட்ரோலின் புகை மட்டும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெயும் சேர்ந்தே எரிகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற கலவையில் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலோடும் 20 மில்லி ஆயில். அதில் முழுக்க எரியாத பகுதி வால்வின் மேல் பிசினாகப் படிந்து, சூட்டில் வெந்து, கெட்டிக் கரியாகிறது. சில மாதங்களில் வால்வின் அசைவு கனக்கிறது, பிறகு நின்றேவிடுகிறது.

ஆகவே அதைக் கழற்றித் துலக்க வேண்டும். மீண்டும் படியும், மீண்டும் துலக்க வேண்டும். இதில் தத்துவத்துக்கு உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. தான் செய்யும் வேலையாலேயே அழுக்காகும் ஒரு பொருளைத் துலக்குவது எவ்வகைச் செயல்? நேர்ந்துவிட்ட குறையைச் சரிசெய்வதா, அந்தப் பொருளின் இருப்பிலேயே அடங்கிய ஒரு பகுதியா? அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிச் சமயங்கள் சொன்னவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் ஆழம் தெரியும்.

ஜென் மரபில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு போட்டி நிகழ்ச்சி உண்டு. ஐந்தாம் குரு ஹொங்ரென் தன் வாரிசைத் தேர்ந்தெடுக்கச் சீடர்களைப் பாடல் எழுதச் சொல்கிறார். மூத்த சீடர் ஷென்சியூ மனத்தை ஒரு கண்ணாடியாகக் கொண்டு, தூசு படியாமல் அதை ஓயாமல் துடைக்க வேண்டும் என்று எழுதுகிறார். நெல் குத்திக்கொண்டிருந்த எழுத்தறியாத ஹுய்நெங் அதை மறுக்கிறார்: கண்ணாடி என்று ஒன்றே இல்லாதபோது தூசு எங்கே படியும்? குருவின் உடையும் பாத்திரமும் ஹுய்நெங்கிடம் போகின்றன. மரபு இரண்டாம் பாடலையே உயர்ந்ததாகக் கொண்டது. ஆயினும் ஜென் மடங்களில் துடைப்பமும் துடைக்கும் துணியும் இன்றுவரை ஓய்வதில்லை; உடலுழைப்பு அங்கே தியானத்துக்கு இணையான பயிற்சி. கோட்பாட்டில் ஹுய்நெங் வென்றார், முற்றத்தில் ஷென்சியூ வென்றார் என்று சொல்லலாம். இருவருக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: தூசு வெளியிலிருந்து வந்து படிவது.

சைவ சித்தாந்தம் வேறு இடத்தில் தொடங்குகிறது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று மலங்களில் ஆணவம் உயிரோடு தொடக்கமில்லாத காலம் முதல் ஒட்டியிருப்பது. செம்பில் களிம்பு என்பது அதற்குச் சொல்லப்படும் உவமை. களிம்பை யாரும் செம்பின்மேல் பூசவில்லை. அது செம்போடு பிறந்தது. முத்தி நிலையிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் வலிமை அடங்குகிறது என்றே சித்தாந்தம் கொள்கிறது. இது கடுமையான பார்வை, ஆனால் நேர்மையானது. அழுக்கைப் பகைவனாகப் பார்க்காமல், கூடவே இருப்பதாகப் பார்க்க இது பழக்குகிறது.

பவர் வால்வின் கரி இந்த இரண்டிலும் முழுதாக அடங்காது. அது வெளியிலிருந்து வந்த தூசு அல்ல. எஞ்சினே அதை உண்டாக்குகிறது. உலோகத்தோடு பிறந்ததும் அல்ல. புதிய வால்வு பளபளப்பாகத்தான் வருகிறது. அது செயலிலிருந்து பிறப்பது. சித்தாந்தத்தின் சொற்களில் ஆணவத்தைவிடக் கன்மத்துக்கு நெருக்கமானது. இங்கே பகவத் கீதையை எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் அது புகையைப் பற்றி இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பேசுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில், நெருப்பைப் புகை மூடுவதுபோல, கண்ணாடியை அழுக்கு மறைப்பதுபோல ஆசை அறிவை மறைக்கிறது என்கிறது. அங்கே புகை ஒரு மறைப்பு, நீக்கப்பட வேண்டியது. பதினெட்டாம் அத்தியாயத்தில் அதே உவமை வேறு கருத்துக்கு வருகிறது: எல்லாச் செயல்களையும் குறை சூழ்ந்திருக்கிறது, நெருப்பைப் புகை சூழ்வதுபோல, ஆகவே குறை உண்டு என்பதற்காகத் தன் இயல்பான வேலையைக் கைவிடக் கூடாது. முதல் இடத்தில் புகை தடை. இரண்டாவது இடத்தில் அது எரிதலின் விலை. உரைகாரர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே விளக்கிவிட்டுக் கடந்துபோவதே வழக்கம். சேர்த்துப் படித்தால் பராமரிப்பு என்னும் செயலின் முழு வடிவம் கிடைக்கிறது: கரி படிவதற்காக எஞ்சினைக் குறைசொல்லக் கூடாது, படிந்த கரியை விட்டுவைக்கவும் கூடாது. முதலாவதை மறந்தவர் வண்டியை வெறுத்து ஒதுக்குவார். இரண்டாவதை மறந்தவர் அதை மெல்லக் கொல்வார்.

கரி எப்போது அதிகம் படிகிறது என்பதைக் கவனித்தால் இந்தக் கருத்து இன்னும் உறுதிப்படும். அடித்து ஓட்டப்படும் வண்டியைவிட, அடக்கி ஓட்டப்படும் வண்டியில்தான் ஒட்டும் ஈரக் கரி கூடுதல். குறுகிய தூரப் பயணங்கள், எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்துவது, ஆக்சிலரேட்டரை முழுதும் திருகாமலே ஓட்டுவது, பெட்ரோல் மிகுந்த கலவை, அளவுக்கு மேல் ஊட்டும் ஆயில் பம்ப் எல்லாம் வால்வைப் பிசினால் மூடுகின்றன. சூடு ஏறி ஓடும் எஞ்சின் தன் கழிவில் பெரும்பகுதியைத் தானே எரித்துத் தள்ளிவிடுகிறது. பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் மென்மையாகப் பயன்படுத்தப்படும் பொருள் அதிகம் அழுக்காகிறது என்பது, செயலைத் தவிர்த்தால் தூய்மை மிஞ்சும் என்று நம்பும் துறவு மனப்பான்மைக்கு நல்ல மறுப்பு. கீதையின் மூன்றாம் அத்தியாயம் அர்ச்சுனனிடம் வாதிடுவதும் இதே திசையில்தான்: செயலைத் தொடங்காமல் இருப்பதால் மட்டும் ஒருவன் செயலற்ற நிலையை அடைவதில்லை.

எந்த ஆயில் ஊற்றப்படுகிறது என்பதும் முக்கியம். ஜப்பானின் ஜாசோ தரப்படிகளான எஃப்பி, எஃப்சி, எஃப்டி ஆகியவை மசகுத்திறன், புகை, சைலன்சர் அடைப்பு, துப்புரவுத்திறன் ஆகியவற்றைச் சோதித்துத் தரப்படுத்துகின்றன. எஃப்டி துப்புரவில் எஃப்சியைவிட மேல். கால்சியம் போன்ற உலோகச் சேர்க்கைகள் அதிகமுள்ள ஆயில் எரிந்தால் கடினமான சாம்பல் மிஞ்சும், அதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. நல்ல ஆயில் கரியைக் குறைக்கும்; இல்லாமலாக்காது.

அடுத்த சிக்கல் அறிவைப் பற்றியது. வால்வு இறுகிவிட்டது என்று எப்படித் தெரியும்? மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ நூலில் கருவிகளைப் பற்றிப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று செய்தார். சுத்தியல் ஒழுங்காக வேலை செய்யும்போது கையாள்பவரின் கவனத்திலிருந்து அது மறைந்துவிடுகிறது; உடையும்போதுதான் ஒரு பொருளாகக் கண்முன் வந்து நிற்கிறது என்பது அவர் கருத்து. உடையும் கருவிக்கு இது பொருந்தும். பவர் வால்வு உடைவதில்லை. மெல்ல மெல்ல இறுகுகிறது. மூடிய நிலையில் இறுகினால் வண்டி கிளம்பும், ஊருக்குள் நன்றாகவே இழுக்கும், உயர்ந்த சுழற்சியில் மட்டும் மூச்சு முட்டும். திறந்த நிலையில் இறுகினால் தொடக்கத்தில் சோம்பி, பிறகு திடீரென்று பாயும். இரண்டுமே ஒரே நாளில் வருவதில்லை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் குறைகிறது. ஓட்டுபவரும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் பழகிக்கொள்கிறார். வண்டி எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று ஒருநாள் அவரே உறுதியாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அளவுகோலும் வால்வோடு சேர்ந்தே இறங்கிவிட்டது.

ஹைடெக்கரின் ஆய்வில் விடுபட்ட இடம் இது. உடைவு வெளிப்படுத்தும், தேய்வு மறைக்கும். அனுபவத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு மெதுவான சீர்கேடு தெரியவே தெரியாது, ஏனென்றால் சீர்கெடுவதில் அவருடைய அனுபவமும் ஒன்று. ஒழுக்கச் சிதைவுக்கும் நட்பு மங்குவதற்கும் வழிபாடு வெறும் பழக்கமாவதற்கும் இதே இயல்பு உண்டு. அதனால்தான் சமயங்கள் தூய்மையை உணர்வின் பொறுப்பில் விடாமல் நாட்காட்டியின் பொறுப்பில் வைத்தன. ஜப்பானில் டிசம்பர் மாதம் கோயில்களிலும் மடங்களிலும் புகைக்கரி துடைக்கும் சடங்கு நடக்கிறது. கியோட்டோவின் இரு ஹொங்கான்ஜி கோயில்களில் அது டிசம்பர் 20ஆம் நாள். கரி கண்ணில் பட்டதால் துடைப்பதில்லை, நாள் வந்ததால் துடைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், ஆண்டு முழுவதும் யாரும் ஏறிட்டும் பாராத ஸ்பானர் பெட்டி கழுவப்படுவதும் இதே ஏற்பாடுதான். எஞ்சின் கையேடுகள் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிவைப்பது, நோன்புக்கு நாள் குறிப்பதைப் போன்ற அறிவு. பனிவண்டிகளில் ரேவ் வால்வைப் பருவத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. நன்றாக ஓடுகிறதே என்பது அங்கே தள்ளிப்போடக் காரணமாகாது.

துலக்கும் வேலையிலும் அறம் சார்ந்த ஒரு பகுதி உண்டு. அது முழுக்கக் கட்டுப்பாட்டைப் பற்றியது. எஞ்சின் ஆறிய பிறகு, வால்வைக் கழற்றும் முன் பிஸ்டனை மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். அப்போது அதன் கீழ்ச்சுவர் புகைத்துளையை மூடியிருக்கும், உதிரும் கரித்துண்டு சிலிண்டருக்குள் விழாது. உள்ளே விழுந்த ஒரு துணுக்கு, ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக் கீறிவிட்டால், துலக்கப் போனவர் கரியைவிடப் பெரிய கேடு செய்தவராவார். இறுகிய வால்வைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது. கரைப்பானை ஊற்றி ஊறவிட வேண்டும். கார்புரேட்டர் கிளீனரோ மண்ணெண்ணெயோ போதும். அதற்கும் அசையாவிட்டால் இன்னொரு இரவு ஊறட்டும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவம் கரியை வேகமாகத் தின்னும் என்பது உண்மைதான். அது அலுமினியத்தையும் தின்னும். எஃகு பிரஷ் கூடாது, பித்தளை பிரஷ் போதும். பிளாஸ்டிக் துண்டால் சுரண்டலாம், ஸ்க்ரூடிரைவரால் கூடாது. வால்வு அசையும் பள்ளத்தையும் துடைக்க வேண்டும். வால்வை மட்டும் மினுக்கிவிட்டுப் பள்ளத்தை விட்டுவிடுவது வேலையில் பாதி.

வேகத்துக்கும் வலிமைக்கும் பரிசு தரும் ஒரு வேலையிடத்தில் இந்த நிதானம் எளிதில் வராது. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார்சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ இதைப் பற்றித்தான் மிக நன்றாகப் பேசுகிறது. இறுகிய ஒரு திருகாணியின் முன் பொறுமையிழக்கும் மனநிலையை அது பல பக்கங்களுக்கு ஆராய்கிறது. அந்தத் தடையைக் கவனிக்கக் கற்றவருக்கே அடுத்த வழி தோன்றும் என்கிறது. அந்த நூல் பவர் வால்வைப் பற்றியதல்ல. அதில் வரும் கதைசொல்லியின் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக். ஆனால் கரைப்பானில் ஊறும் வால்வின் முன் காத்திருப்பவருக்கு அந்தப் பக்கங்கள் அப்படியே பொருந்தும். பொருளின் இயல்புக்குக் கட்டுப்படுவதும் அதை வன்முறையால் வளைக்காமலிருப்பதும் இங்கே தொழில்திறனின் இலக்கணம். அகிம்சைக்கும் இதுவே இலக்கணம். உலோகத்துக்கு வலிக்காது என்பதால் இந்த ஒற்றுமை பொய்யாகிவிடாது. அவசரத்தை அடக்கும் பழக்கம் எதன்மேல் செலுத்தப்பட்டாலும் ஒரே பழக்கம்தான்.

இனி மிகக் கடினமான பகுதி. துலக்கிய வால்வு மீண்டும் கரியேறும் என்றால், இந்த வேலை எதைச் சாதித்தது? அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலின் ஆறாம் பகுதியில் ஆக்கலையும் செயலையும் பிரிக்கிறார்: ஆக்கலின் நோக்கம் அதற்கு வெளியே உள்ள ஒரு பொருள், நல்ல செயலின் நோக்கம் அந்தச் செயலே. ஹன்னா அரெண்ட் 1958இல் எழுதிய ‘மனித நிலை’யில் உழைப்பு, படைப்பு, செயல் என்று மூன்றாகப் பகுத்தார். நாற்காலி செய்வது படைப்பு, அது நிலைத்து நிற்கிறது. சமைப்பதும் கழுவுவதும் உழைப்பு. செய்த கையோடு கரைந்துபோய் மறுநாள் மீண்டும் தொடங்குகிறது. இந்தப் பிரிவில் துலக்குதல் கீழ்ப்படியில் நிற்கிறது. உலகம் சிதையாமல் காக்கும் அன்றாட வேலை என்று அரெண்ட் அதை மதித்தாலும், நிலைத்து நிற்கும் எதையும் அது விட்டுச்செல்வதில்லை என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. படைக்கப்பட்ட பொருள் தானாக நிலைத்து நிற்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. 1983இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஒய்பிவிஎஸ் வண்டி இன்றும் ஒய்பிவிஎஸ் வண்டியாக ஓடுகிறதென்றால், அதற்குக் காரணம் தொழிற்சாலை மட்டும் அல்ல. இடைப்பட்ட ஆண்டுகளில் யாரோ திரும்பத் திரும்ப வால்வைக் கழற்றியிருக்கிறார்கள். வால்வு இறுகிய வண்டி, பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், நகராத விளிம்புள்ள பழைய எஞ்சினாகவே ஆகிவிடுகிறது. பொறியாளரின் கண்டுபிடிப்பு அங்கே இல்லாமல் போகிறது. ஆகவே துலக்குதல் படைப்புக்குப் பின்னால் வரும் சில்லறை வேலை அல்ல, படைப்பு தொடர்ந்து நடப்பதன் ஒரு வடிவம். பொருள் ஒருமுறை செய்து முடிக்கப்படுவதில்லை. அது காக்கப்படும் காலம்வரை செய்யப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

சமயங்கள் இதைத் தத்துவவாதிகளுக்கு முன்பே உணர்ந்திருந்தன. ஏழாம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர் சைவ மரபில் கையில் உழவாரப் படையோடு காட்டப்படுகிறார். கோயில் முற்றத்தின் புல்லைச் செதுக்கும் கருவி அது. பதிகம் பாடியவரின் அடையாளமாகச் சுவடியை வைக்காமல் புல் செதுக்கும் கருவியை வைத்ததில் ஒரு முடிவு தெரிகிறது. புல் மீண்டும் முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பௌத்தத்தில் சூளபந்தகர் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு செய்யுளைக்கூட மனப்பாடம் செய்ய முடியாத அந்தத் துறவியிடம் புத்தர் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குக என்ற பொருளுள்ள சொல்லைச் சொல்லியபடி அதைத் தேய்க்கச் சொல்கிறார். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுக்கிறது. கறுக்கவைத்தது அவருடைய கைதான். அதைக் கண்ட கணத்தில் அவருக்கு ஞானம் பிறக்கிறது. தூய்மைக்கான செயலே அழுக்கையும் உண்டாக்குகிறது என்பதை அவர் மனமொடிந்து ஏற்கவில்லை, தெளிவாகக் கண்டார். வால்வைத் துலக்கிப் பொருத்தி எஞ்சினை முதல்முறை உதைத்துக் கிளப்பும் நொடியிலேயே அடுத்த கரியின் முதல் படலம் தொடங்கிவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டே துலக்குபவருக்கு முடிவிலாத வேலை என்ற சலிப்பு வருவதற்கு நியாயம் இல்லை. அவர் முடிவைத் தேடி அந்த வேலையில் இறங்கவில்லை.

எந்திரம் தன்னைத் தானே துலக்கிக்கொள்ளும்படி செய்துவிட முடியாதா என்ற கேள்வியும் இருக்கிறது. முயற்சிகள் உண்டு. ஆர்டி350 ஒய்பிவிஎஸ் வண்டியில் சாவியைத் திருப்பியதும் மோட்டார் வால்வை ஒருமுறை முழுதாகத் திருப்பி நிறுத்தும். படியத் தொடங்கும் பிசினை உடைப்பதே இதன் பயன். நல்ல ஏற்பாடு, இடைவெளியை நீட்டிக்கிறது. ஆனால் ஏற்கெனவே கெட்டிப்பட்ட கரியை அந்தச் சிறு மோட்டாரால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பிகள் தளர்ந்துவிட்டால் மோட்டார் சுழலும், வால்வு சுழலாது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாம் சரி என்று நம்புவது, மணி அடித்ததால் பூசை நடந்துவிட்டது என்று நம்புவதற்குச் சமம். பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேராகத் தெளிக்கும் புதிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஆயிலின் அளவை மிகவும் குறைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றிலும் பவர் வால்வு இருக்கிறது, கரியும் இருக்கிறது.

திரும்பப் பொருத்தும்போது ஒழுங்கு அவசியம். புதிய கேஸ்கட், பழுதில்லாத ஓ ரிங், வளைவு சிலிண்டரின் சுவரோடு ஒத்திருக்கும்படி சரியான முகம் பார்த்த தகடு. தலைகீழாகப் போட்ட தகடு பிஸ்டனில் இடிக்கும். யமஹா அமைப்பில் கப்பியில் உள்ள துளையும் காட்டியும் நேர்கோட்டில் வரும்வரை கம்பிகளைச் சரிசெய்த பிறகே பூட்ட வேண்டும். துலக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. கரி கூடுதலாக ஏறியது, அதை எடுத்துவிடலாம். தேய்ந்த உருளை இழந்துவிட்ட உலோகத்தை எந்தக் கரைப்பானாலும் திருப்பித் தர முடியாது. இணைப்பில் ஆட்டம் கண்ட வால்வு, விளிம்பு சிதைந்த தகடு, ஆயில் கசியவிடும் தண்டு ஆகியவற்றைத் துலக்கி மீண்டும் போடுவது விசுவாசம் ஆகாது. அவற்றை மாற்றியாக வேண்டும். மாற்றிய வண்டியில் முதல் சோதனையைக் கையேடு சொல்லும் இடைவெளிக்கு முன்பே செய்வது நல்லது. அந்த எஞ்சினில், அந்த ஆயிலில், அந்த ஓட்டுபவரின் கையில் கரி எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பது அப்போதுதான் தெரியும். அடுத்த இடைவெளியை அதை வைத்துக் குறிக்கலாம்.